தூக்க முடியாத அலமாரி

உன் மனைவியின் பீரோவை அவளைக் கேட்காமல் காயலான் கடைக்குப் போட்டாய். இது என் கருத்து இல்லை, நடந்தது. கௌசி, தன் சித்தி மகளின் மஞ்சள் நீராட்டுக்காக ஆவடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் திருமழிசையில் கம்பெனி கேன்டீனில் காலை ஷிஃப்ட்டில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தேன். நீ லீவு போட்டுவிட்டு வண்டிக்காரனைக் கூட்டிவந்தாய். பீரோ சாவி அவளுடைய கைப்பையில் ஆவடிக்குப் போய்விட்டதால், வண்டிக்காரன் கம்பியை விட்டு நெம்பித் திறந்தான். உள்ளே இருந்த புடவைகள், ஜரிகை நூல்கண்டுகள், அவளிடம் தைக்கக் கொடுத்திருந்த துணிகள், லாக்கரில் இருந்த அவள் அம்மாவின் கொலுசு எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் கொட்டிக் கட்டிலின் மேல் வைத்தாய். நான் வேலை முடிந்து வந்தபோது பீரோ நின்ற இடத்தில் நான்கு செங்கற்கள் மட்டும் இருந்தன. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நீ சிரித்துக்கொண்டே, "கௌசிக்கு சர்ப்ரைஸ்மா. போன்ல ஒளறி வச்சிடாத" என்றாய்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அம்மாவைப் பார்த்து நாலு பேர் சிரிக்கலாம். நான் வாயைத் திறந்தால் நீ காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறாய். எழுதினால் ஒருவேளை படிப்பாய். கௌசி ஆவடிக்குப் போய்விட்டாள், இந்தத் தடவை விசேஷத்துக்கு இல்லை. நேற்று நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் மிட்டாய்க்குக் குழைவாயே, அப்படிக் குழைந்து, "ம்மா, நீ போயி கூட்டிகினு வந்துடேன். நீ சொன்னா கேப்பா. போர்டு மாத்தறதுக்கு ஆள் சொல்லிட்டேன், பழையபடி ஆய்டும்னு சொல்லு" என்றாய். ஊறிப்போன அலமாரிப் பலகையை, அந்தப் போர்டை, மாற்றினால் அவள் வந்துவிடுவாள் என்று நீ உண்மையாகவே நம்புகிறாய். பீரோ நின்ற இடத்தில் சுவரோடு நீ அடித்துவைத்த அந்த அலமாரியைப் பற்றி நீ நம்பிய எதுவும் சரியாக இருந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தெரு கரையான்சாவடி மெயின் ரோட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் கிடக்கிறது. உன் அப்பாவும் நானும் மனை வாங்கியபோது பள்ளம் இல்லை. ரோட்டைப் புதிதாகப் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். ரோடு ஏற ஏற நாம் இறங்கினோம். ஒரு காலத்தில் படி ஏறி வீட்டுக்குள் வந்தோம், இப்போது படி இறங்கி வருகிறோம். மழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் வாசலில் வந்து நின்று அனுமதி கேட்பதில்லை. பாத்ரூம் ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று பொங்கி வரும். அதற்காக ஐப்பசி பிறந்ததும் நம் தெருவில் எல்லோரும் ஒரு வேலை செய்வார்கள். வீடு வீடாக நான்கு பேர் போய்ப் பீரோவைச் செங்கல் மேல் ஏற்றுவார்கள். சாய்க்கும்போது கதவு திறந்துகொள்ளக் கூடாது என்பதற்காக அந்த வீட்டுப் பெண் அதைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்வாள். இரண்டு பேர் தோள் கொடுத்துச் சாய்ப்பார்கள், ஒருவர் குனிந்து காலுக்கடியில் செங்கல்லைத் தள்ளுவார். உன் அப்பா உயிரோடு இருந்தவரை அந்தக் குனிகிற வேலை அவருடையது. "மெதுவா சாய்ங்கடா டேய், என் வெரலு இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா" என்று அவர் கத்துவதைக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் முறை வந்துவிட்டது என்று தயாராவார்கள். நீ பத்தாவது முடித்த பிறகு வந்த வெள்ளத்தில் செங்கல் போதவில்லை. டீக்கடை பெஞ்சை இரவல் வாங்கி அதன் மேல் என் பீரோவை ஏற்றினோம். தண்ணீர் வடிந்தபோது வீட்டில் உலர்ந்திருந்தது அதற்குள் வைத்தது மட்டும்தான். உன் மார்க் ஷீட்டும் அதில்தான் இருந்தது. அதைக் காட்டித்தான் இந்த வேலைக்குப் போனாய்.

கௌசியின் பீரோ அவள் அப்பா கொடுத்தது. மினி லோடு வண்டி ஓட்டுகிற மனிதர். பூந்தமல்லி கடையில் வாங்கி, கீறல் விழாமல் பழைய போர்வைகளைச் சுற்றித் தன் வண்டியிலேயே ஏற்றிவந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மாப்ள, பாத்து எறக்குங்க, கண்ணாடி கீது, கண்ணாடி கீது" என்று உன்னோடு சேர்ந்து இறக்கியவர் அவர். நம் தெருவைப் பார்த்துவிட்டு, கல்யாணம் முடிந்த மறுநாளே செங்கல்லும் அவரே கொண்டுவந்து வைத்தார். "இது இருந்தாத்தான் சம்மந்தி தூக்கம் வரும் எனக்கு" என்றார்.

அந்தச் செங்கல்தான் உனக்கு உறுத்தியது. உன் கம்பெனி ஆட்களை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாய். பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள். கை கழுவப் போகிற வழியில் ஒருவன் உங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா மச்சான், பீரோவுக்கு ஹீல்ஸ் வாங்கிக் குட்துகீற?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், நல்ல ஜோக்தான். நீயும் சிரித்தாய், ஆனால் உன் காது சிவந்துவிட்டது. அவர்கள் போன பிறகு, "செங்கல்ல நிக்கிற பீரோவப் பாத்தாலே நாம யாருன்னு தெரிஞ்சிடுதும்மா" என்றாய். நாம் யார்? உன் தாத்தா அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். அவருக்குத் துணி வைக்க அலமாரி கிடையாது, சுவருக்குச் சுவர் கட்டிய கயிறுதான். அதே வயலை இன்னொருவன் மனை போட்டு விற்றான், அதில் ஒரு துண்டை நாம் வாங்கினோம். பள்ளம் நாம் தோண்டியதா? தண்ணீர் நாம் கூப்பிட்டு வந்ததா? வெட்கப்பட வேண்டியவர்கள் எல்லாம் மேட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நீ செங்கல்லுக்கு வெட்கப்பட்டாய்.

புது அலமாரி பார்க்க என்னையும் ஷோரூமுக்கு அழைத்துப் போனாய். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. உள்ளே ஏசி. எந்தச் சுவரிலும் ஈரம் ஏறாத, எந்த மழைக்கும் எட்டாத அறைகளைக் கட்டிவைத்திருந்தார்கள். சுவரோடு சுவராகப் பளபளவென்று கப்போர்டுகள், தரையிலிருந்து கூரை வரைக்கும். டை கட்டிய பையன் ஒவ்வொரு கதவாகத் தள்ளிக் காட்டினான். எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நகரும் கண்ணாடிக் கதவில் என்னை முழுசாகப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் கேட்டேன்.

"ஏம்பா, தண்ணி வந்தா?"

"வாட்டர்ப்ரூஃப் மேடம். தொடச்சா போய்டும்."

"தொடைக்கிற தண்ணி இல்லப்பா. நிக்கிற தண்ணி."

"மேடம், வார்ட்ரோப்பப் போயி யாராவது தண்ணில நிக்க வெப்பாங்களா?"

அவன் சிரித்தான். நீயும் அவனோடு சேர்ந்து சிரித்தாய். "எங்கம்மா அப்படித்தான் ப்ரோ, கேன்டீன்ல சாம்பார்ல தண்ணி ஊத்தி ஊத்தி எல்லாத்துலயும் தண்ணி ஞாபகம்" என்றாய். வெளியே வந்ததும், "அவ பீரோ இன்னா ஆவும்?" என்று கேட்டேன். "ஹால்ல உன் பீரோ பக்கத்துல வச்சிக்கலாம்மா" என்றாய். அந்த வாக்கை எப்படிக் காப்பாற்றினாய் என்பதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

அளவெடுத்துச் செய்தது, அதனால் கச்சிதமாக இருக்கும் என்று சொன்னாய். அவர்கள் அளந்தது சுவரை. கௌசியின் கை எவ்வளவு உயரம் எட்டும் என்று யாரும் அளக்கவில்லை. மேலே கூரையை முட்டுகிற லாஃப்ட்டில் முக்காலி போட்டு ஏறினாலும் அவளுக்கு எட்டாது. அதனால் அது உன் பழைய அட்டைப் பெட்டிகளுக்கும் உடைந்த ஹெல்மெட்டுக்கும் சுகமான வீடாகிவிட்டது. நடுவில், கைக்கு நேராக இருக்கும் இடத்தில் உன் சட்டைகள் மடங்காமல் தொங்கின. "மேடம் ஹைட்டுக்குக் கீழதான் கம்ஃபர்ட்டபிள்" என்று கடைப்பையன் சொன்னான் என்று அவளுக்குத் தரையை ஒட்டிய இழுப்பறைகளைக் கொடுத்தாய். நம் வீட்டில், நம் தெருவில், தரையை ஒட்டிய இடத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? பாத்ரூம் ஓட்டைக்கும் அந்த இழுப்பறைக்கும் நடுவில் ஒரு சுவர்தானே இருக்கிறது.

இடம் மிச்சம் என்றாய். நகரும் கதவு என்பதால் ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் மூடிக்கொள்ளும். அவள் நூல் எடுக்கும்போது நீ சட்டை எடுக்க வந்தால் அவள் கையை எடுத்துக்கொண்டு நகர வேண்டும். அவள்தான் நகர்ந்தாள், ஒருநாளும் நீ நகர்ந்து நான் பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டியிருந்தால் பின்னால் தூசி சேராது, சுத்தம் என்றாய். பீரோவாக இருந்தால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நகர்த்திவிட்டுப் பெருக்குவேன். இதன் பின்னால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்குத்தான் தெரிந்தது. பாத்ரூம் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகைக்குப் பின்னால் ஊறிக்கொண்டே இருந்தது. அவள் தைத்துக் கொடுத்த ரவிக்கையை வாங்கிப்போன ஒருத்தி, "இன்னா கௌசி, துணி முக்கல் வாடை அடிக்குது?" என்று கேட்டாள். கௌசி பாச்சை உருண்டை வாங்கிப் போட்டாள். நீ அந்த நாற்றம் பிடிக்கவில்லை என்றாய்.

உறுதி என்றாய், ஆயுசுக்கும் ஆடாது என்றாய். வீட்டை நாளைக்கு விற்றால் விலை ஏறும் என்றாய். அது நின்றது உறுதியால் இல்லை, சுவரில் ஆணி அடித்திருந்ததால். வீட்டின் விலை ஏறினால் அது வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்கு. பீரோ அப்படி இல்லை. பெண்ணோடு வரும், வேண்டுமென்றால் பெண்ணோடு திரும்பிப் போகும். நம் தெருவில் எத்தனை பேர் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனபோது பீரோவும் லோடு வண்டியில் பின்னாலேயே போயிருக்கிறது, மறுபடி சமாதானமாகி அதே வண்டியில் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்த்தே புருஷன்மார்கள் கொஞ்சம் வாயை அடக்கினார்கள். நீ அதை விற்றுவிட்டுச் சுவரில் ஒரு சாமானை அறைந்து, "உனக்குத்தான் செஞ்சேன்" என்று அவளிடம் சொன்னாய். அவளுக்கு என்று கொடுத்ததில் அவள் எடுத்துக்கொண்டு போகக்கூடியது எது? கைப்பிடியா?

அவள் ஊரிலிருந்து வந்து கதவைத் தள்ளியதும் நீ கைதட்டினாய். அவள் அலமாரியைப் பார்க்கவில்லை, கட்டிலில் இருந்த சாக்கைப் பார்த்தாள். பையிலிருந்து சாவியை எடுத்தாள், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "நல்லாக் கீதுங்க" என்றாள். உனக்கு அது போதுமாக இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாய்.

அவள் அப்பா பார்க்க வந்தார். உட்கார்ந்து டீ குடித்தார். நீ ஒவ்வொரு கதவாகத் தள்ளிக் காட்டினாய், அந்தக் கடைப்பையன் மாதிரியே. அவர் பலகையை விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டி, "நல்லாக் கீது மாப்ள" என்றார். அப்பனும் மகளும் ஒரே வார்த்தை. வண்டி ஏறப் போகும்போது என்னிடம் தணிந்த குரலில், "சம்மந்தி, அந்த பீரோ எங்க?" என்றார். ஹாலில் இல்லை என்பதை அவரே பார்த்துவிட்டார், மாடியில் இருக்கிறது என்று சொல்ல நமக்கு மாடியும் இல்லை. அவர் வண்டியின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் கிடந்த போர்வையை எடுத்து உதறி மடித்து வைத்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் மழை பிடித்தது. நம் தெருவில் பீரோக்கள் எல்லாம் ஏற்கெனவே செங்கல்லில் ஏறியிருந்தன. ஏற்ற வந்தவர்கள் உங்கள் அறைக்குள் வந்து பார்த்துவிட்டு, "இத்த இன்னா பண்றது அண்ணாத்தே? ஊட்டயே தூக்கினாத்தான் உண்டு" என்று உன்னிடமே கேலி செய்தார்கள். நீ, "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, வாட்டர்ப்ரூஃப்" என்றாய். தண்ணீர் வந்த அன்று நீ வேலைக்குப் போயிருந்தாய். கௌசி நூல் வாங்கப் பூந்தமல்லிக்குப் போய், பஸ் நகராமல் நடந்தே திரும்பியிருந்தாள். நான் கேன்டீனிலிருந்து வந்தபோது வீட்டுக்குள் கணுக்கால் அளவுத் தண்ணீர். அவள் அலமாரிக்கு முன்னால் தண்ணீரிலேயே உட்கார்ந்து இழுப்பறையை இழுத்துக்கொண்டிருந்தாள். பலகை ஊதிப்போய் இறுகிவிட்டது. நானும் உட்கார்ந்து இழுத்தேன். கைப்பிடி திருகாணியோடு என் கையில் வந்தது.

அந்த இழுப்பறைக்குள் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். கௌசியிடம் தைக்கக் கொடுத்திருந்த மெஹரூனின் மகளுடைய கல்யாணப் புடவை. சந்தன நிறப் பட்டு. அதற்கான ரவிக்கையில் கௌசி மாதக்கணக்கில் ஊசி போட்டு ஆரி வேலை செய்திருந்தாள், மணியும் ஜரிகையுமாக. பூந்தமல்லியில் பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பம். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அந்தத் தெரு முழுக்க கௌசியிடம் வரும் என்று அவள் நம்பியிருந்தாள். தனியாக ஒரு கடை போடுவதைப் பற்றி என்னிடம் பேசத் தொடங்கியிருந்தாள். அந்தப் புடவையோடு சிவப்புச் சாயத் துணி ஒன்றும் உள்ளே இருந்தது.

நான் பின்பக்கம் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன். ஒரு குத்து விட்டால் போதும், ஊறிய பலகை பிளந்துவிடும். கௌசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அத்தை. அவரக் கேக்காம ஒடைச்சா திட்டுவாரு." அவளுடைய பீரோவை நெம்புவதற்கு முன்னால் நீ அவளைக் கேட்டாயா? அவள் உன்னைக் கேட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, தண்ணி வந்துடுச்சி. டிராயர் தெறக்க வரல. மெஹரூன் அக்கா துணி உள்ளகீது. அத்தை கடப்பார வச்சிகினு கீறாங்க, ஒடைச்சிடட்டுமா?"

"ஏய், ஒடைக்காதீங்க! கை வச்சா வாரண்டி போய்டும். ஷிஃப்ட் முடிஞ்சி நானே வந்து பாக்கறேன்."

"துணி ஊறிடும்ங்க."

"துணிதான? காய வச்சிக்கலாம். அதத் தொடாத."

நான் அப்போதும் கடப்பாரையை ஓங்கினேன். அவள் இழுப்பறைக்கு முன்னால் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். அப்படியே தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள், நீ வருகிற வரைக்கும். உன் வாரண்டியைக் காவல் காத்தாள். என் பீரோ ஹாலில் செங்கல் மேல் நின்றது, அதற்குள் ஒரு நூல்கூட நனையவில்லை. நீ வந்து போட்டோ எடுத்தாய், அலமாரி செய்த கம்பெனிக்கு அனுப்பினாய். வெள்ளத்தால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நீயே எட்டி உதைத்தாய். பலகை உடைந்தது. புடவை முழுக்கச் சிவப்பாக வந்தது.

மெஹரூன் தண்ணீர் வடிந்த மறுநாள் வந்தாள். தெருவில் பெண்கள் எல்லோரும் துடைப்பத்தால் சேறு தள்ளிக்கொண்டிருந்தார்கள். கௌசி அந்தப் புடவையை விரித்துக் காட்டினாள், மறைக்கவில்லை. "கூலி வேணாம்கா. பொடவைக்கு நான் பொறுப்பு, கொஞ்சம் டைம் குடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெஹரூன் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் திட்டவில்லை. நீ நடுவில் புகுந்தாய்.

"அக்கா, போர்டு வாட்டர்ப்ரூஃப். இவதான் டிராயர சரியா மூடாம உட்டுட்டா."

சேறு தள்ளிய துடைப்பங்கள் எல்லாம் நின்றுவிட்டன. மெஹரூன் உள்ளே வந்து குனிந்து உடைந்த பலகையை நகத்தால் கிள்ளினாள். கையோடு உதிர்ந்தது. "இத்தயா தம்பி மரம்னு உன் தலைல கட்டினான்? டீல ஊறுன பொற மாதிரி கீது. மூடலயாம்! தெறக்கவே வரலன்னு உங்கம்மா இப்பதான என்னாண்ட சொன்னாங்க? பொய் சொல்றதுன்னா ஊட்ல எல்லாரும் ஒத்துமையா சொல்லணும்பா." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கௌசி சிரிக்கவில்லை. உன்னையும் பார்க்கவில்லை. உள்ளே போய் ஆரிச் சட்டத்தைத் துணியில் சுற்றினாள்.

பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். நீ பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். நிறுத்தத்தில் நான், "துணி போனாப் போவுது கௌசி, பேசி ஒரு வழி பண்ணலாம்" என்று ஏதோ உளறினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "துணி நனஞ்சதுக்கு நான் போவல அத்தை. ஒடைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாருன்னா, மொத்தமும் நனஞ்சே போயிருந்தாலும் நான் இருந்திருப்பேன்." பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

இது தெரியாமல் நீ போர்டு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறாய். "இந்த தடவ மெரைன் போர்டுமா, கப்பலுக்கே இதான் போடறாங்க" என்கிறாய். கப்பலுக்குப் போடுவதை வைத்து அவளைக் கரையேற்றிவிடலாம் என்று நினைக்கிறாய். அந்த அலமாரியைப் பற்றி இந்த ஊரில் எல்லோரும் தப்பாக நம்புகிறவை உண்டு, இடம் மிச்சம், ஆயுசுக்கும் உழைக்கும், தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று. அவற்றுக்கெல்லாம் கடைக்காரன் பொறுப்பு, அவன் விற்கப் பிறந்தவன். ஆனால் ஒரு பெண்ணிடம் இருந்த ஒரே பூட்டை உடைத்துவிட்டு அதைப் பரிசு என்று நம்பினாயே, அதை எந்தக் கடையும் உனக்கு விற்கவில்லை.

நான் ஆவடிக்குப் போக மாட்டேன். நான் போனால் அவள் என் முகத்துக்காக வந்துவிடுவாள், அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அதனால்தான் என்னை அனுப்பப் பார்க்கிறாய். மருமகளைச் சமாதானப்படுத்த மாமியாரை அனுப்புகிற இந்தப் பழக்கத்தால்தான் இந்தத் தெருவில் ஒரு ஆண் பிள்ளைக்கும் தன் வாயால் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. நீயே போ. அவள் அப்பா முன்னால், அவள் கேட்க, நீ சொல்ல வேண்டியதைச் சொல். கேட்காமல் விற்றேன் என்று சொல். உடைக்க வேண்டாம் என்று சொன்னது நான் என்று சொல். தெருவில் வைத்து அவள் மேல் பொய் சொன்னேன் என்று சொல். மெஹரூன் வீட்டுக்கும் போய் அதையே சொல். போர்டைப் பற்றி வாய் திறக்காதே. அதற்கு மேல் வருவதும் வராததும் அவள் இஷ்டம். வரவில்லை என்றால் அதையும் கேட்டுக்கொண்டு திரும்பி வா, என்னிடம் வந்து அழாதே.

நீ அவளைப் பழி சொன்னது நாலு பேர் முன்னால். அதனால் இதையும் நான் கதவைச் சாத்திவிட்டுப் பேசவில்லை. இன்று காலையில் உன் டிஃபன் டப்பாவோடு வாசலில் நின்று, தெருவே கேட்க, "எப்படா போற?" என்று கேட்டேன். டப்பாவை வாங்கிக்கொண்டாய். ஹெல்மெட்டை மாட்டினாய். வண்டியை ஸ்டார்ட் செய்து, என் தலைக்கு மேலே ரோட்டைப் பார்த்தாய். நான் வண்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். என் விரலை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போனாய்.

இங்கேயும் கேட்கிறேன். என்றைக்குப் போகிறாய்? சொல்.